தம்பி, உங்க பேரு வந்துச்சா?

அக்கா: தம்பி, உங்க பேரு இன்னும் வரலையா?

தம்பி: என் பேரா?

அக்கா: கூட்டம் மொத்தமும் போயிடுச்சு. நீங்க மட்டும் திரையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க. படத்துல வேலை பார்த்தவரு போல, பேரு வருதான்னு பார்க்கறாருன்னு நினைச்சேன்.

தம்பி: அட, நான் வெறும் ரசிகன்க்கா. கடைசியில ஒரு சீன் வரும். அதுக்காகத்தான்.

அக்கா: அப்ப படம் நல்லாருக்கா?

தம்பி: படு மட்டம்.

அக்கா: மட்டமான படத்துல இன்னும் ஒரு சீன் மிச்சம் இருக்குன்னா உட்கார்ந்திருக்கீங்க?

தம்பி: அது இந்தப் படத்துது இல்லைக்கா, அடுத்த படத்துது. 2008-ல அயர்ன் மேன்ங்கற சூப்பர்ஹீரோ படத்துல பேரெல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு ஒத்தைக் கண்ணு மறைச்ச ஒருத்தர் வந்து நின்னாரு. அன்னிக்கிலிருந்து எங்களால எழுந்து போக முடியல.

அக்கா: ஓ, விளம்பரம். படத்துக்கு முன்னாடியும் விளம்பரம், பின்னாடியும் விளம்பரமா?

தம்பி: இன்னிக்கு நடுவுல ஓடினதும் அதுதான்க்கா.

அக்கா: எனக்கு ரெண்டு ஷோவுக்கு நடுவுல இருபது நிமிஷம். பேரு ஓடறதே பத்து நிமிஷம். மிச்சப் பத்துல பாப்கார்னைப் பெருக்கணும். சிந்தின கூல்டிரிங்க்ஸை ஈரத்துணியால துடைக்கணும், வெறும் துடைப்பத்தால இழுத்தா பிசுபிசுன்னு பரவி வர்றவங்க செருப்பெல்லாம் ஒட்டும். அப்புறம் 3டி கண்ணாடி எண்ணணும். சரி, சொல்லுங்க, என்ன மட்டம்?

தம்பி: கிராஃபிக்ஸ்தான். பின்னணியை அப்புறம் மாத்தறதுக்காகப் பச்சைத் துணி முன்னாடி நிக்க வச்சு எடுத்தா, அந்தப் பச்சை வெளிச்சம் நடிகர் தோள்லயும் முடியோரத்துலயும் படியும். அதை அப்புறமா உட்கார்ந்து எடுக்கணும். எடுக்கல. ஹீரோ காதோரம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. பின்னாடி சூரியன் இடது பக்கம், மூஞ்சியில வெயில் வலது பக்கம். உடம்புல பாரமே இல்ல. இருபதாவது மாடியிலிருந்து குதிச்சா முழங்கால் மடங்கணும், உடம்பு அமுங்கி எழணும். இவன் குதிச்சான், நடந்தான்.

அக்கா: எனக்குக் கிராஃபிக்ஸ் தெரியாது தம்பி. நான் கதவுகிட்ட நிக்கறவ. நல்ல படம்னா பாத்ரூமுக்கு ஓடிப் போய் ஓடி வருவாங்க. இதுல உலகம் அழியற நேரத்துல சாவகாசமா எழுந்து போறாங்க. திரும்பி வந்து, அழிஞ்சுதா இல்லையான்னுகூட பக்கத்து சீட்ல கேட்கல.

தம்பி: எப்படிக் கேட்பாங்க? அந்தச் சண்டை ஒரே இருட்டு. இருட்டு, மழை, புகை மூணும் போட்டா ஒட்டு வேலை வெளிய தெரியாது. அதுக்கு மேல 3டி கண்ணாடி. திரையிலிருந்து வர்ற வெளிச்சத்துல ஒரு பகுதிதான் கண்ணுக்கு வரும்.

அக்கா: அதான் விஷயமா! லேட்டா வந்தவங்களுக்கு வழிகாட்ட டார்ச் அடிச்சேன். ஒருத்தரு, "அக்கா, அணைச்சிடாதீங்க"ன்னாரு.

தம்பி: சிரிக்காதீங்க.

அக்கா: இப்ப நீளமா ஒரு பேரு போச்சே, அது நீங்க இல்லையா?

தம்பி: இல்லைக்கா!

அக்கா: இவ்வளவு பணம் இருந்துமா இப்படி?

தம்பி: பணம் இருக்கறதாலதான். ரிலீஸ் தேதியை முதல்ல சொல்லிடுவாங்க, கதையை அப்புறம் யோசிப்பாங்க. பாதி முடிஞ்சதும் பிடிக்கலைன்னு திரும்பப் படம்பிடிப்பாங்க. 2017-ல ஜஸ்டிஸ் லீக் படத்துக்கு அப்படித் திரும்ப எடுக்கப் போனா, சூப்பர்மேனா நடிச்சவரு வேற படத்துக்காக மீசை வளர்த்திருந்தாரு. மீசையை எடுக்கவே கூடாதுன்னுடுச்சு அந்த வேற படத்துக் கம்பெனி. மீசையோட நடிக்க வச்சு கம்ப்யூட்டர்ல அழிச்சாங்க.

அக்கா: அழிஞ்சுதா?

தம்பி: அழிஞ்சுது. மேலுதடும் கொஞ்சம் சேர்ந்து அழிஞ்சுது.

அக்கா: உலகத்தையே காப்பாத்தறவருக்குச் சொந்த மீசை மேல அதிகாரம் இல்லை! சரி, இந்த நாலு வரிசையா பொடி எழுத்துல போறாங்களே, இவங்கெல்லாம் யாரு?

தம்பி: அவங்கதான் கிராஃபிக்ஸ் ஆளுங்க. நடிகரைச் சுத்தி கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரிக்கறவங்க, கேமரா எப்படி அசைஞ்சுதுன்னு கணக்கெடுக்கறவங்க, வெளிச்சம் வைக்கறவங்க, கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டறவங்க. நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட்டுன்னா 240 படம்.

அக்கா: அந்தப் பாசி இவங்க விட்டதா?

தம்பி: ஆமா... முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே இவ்வளவுன்னு ஒரு தொகை பேசிடுவாங்க. நடுவுல ஹீரோ அங்கியை மாத்து, வில்லனை மாத்துன்னா எல்லாம் திரும்ப. தேதி மட்டும் மாறாது.

அக்கா: கூலி?

தம்பி: அதுவும் பெரும்பாலும் மாறாது. லைஃப் ஆஃப் பை படத்துல வர்ற புலியைக் கம்ப்யூட்டர்ல செஞ்ச ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி 2013-ல திவால் மனு போட்டுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ள அதே படத்துக் கிராஃபிக்ஸுக்கு ஆஸ்கர். வாங்கினவரு மேடையில கம்பெனி கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சாரு. ஜாஸ் படத்துச் சுறா மியூசிக்கைப் போட்டு இறக்கிட்டாங்க.

அக்கா: இங்க ஷோ முடிஞ்சா லைட்டைப் போட்டு அனுப்பறோம். அங்க மியூசிக்கைப் போட்டு அனுப்பறாங்க. (இந்த இடத்தில் தம்பி சிரித்திருக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.) என்ன எழுதறீங்க?

தம்பி: விமர்சனம்.

அக்கா: படிங்க.

தம்பி: "கிராஃபிக்ஸ் பண்ணினவன் மட்டும் கையில கிடைச்சான்..."

அக்கா: இப்பத்தான் மேல போனாரு. நீங்க குனிஞ்சிருந்தீங்க.

தம்பி: ...

அக்கா: பத்து நிமிஷம் உட்கார்ந்தீங்களே, ஒரு பேராவது படிச்சீங்களா?

தம்பி: ஷ்ஷ்! வந்துடுச்சு!

(திரையில் ஒரு கதவு திறக்கிறது. ஒரு பூட்ஸ் கால் உள்ளே வருகிறது. அவ்வளவுதான்.)

தம்பி: அக்கா! பூட்ஸைப் பார்த்தீங்களா? யாருன்னு தெரியுதா?

அக்கா: முழங்காலுக்கு மேல காட்டினாத்தானே தெரியும்?

தம்பி: அதுக்குத்தான் அடுத்த படம்! முதல் நாள், முதல் ஷோ!

அக்கா: மட்டம்னீங்க?

தம்பி: இதுதான்க்கா மட்டம். அது நல்லாருக்கும்.

அக்கா: காலைத் தூக்குங்க, கீழ பெருக்கணும்.