ஐஎல்ட்ஸில் அமெரிக்கர் மாதிரிதான் பேச வேண்டுமா?

"ஐஎல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க பாணி இல்லையென்றால் மதிப்பெண் போச்சு, தனிப் பயிற்சி வைத்துத் தமிழ் வாடையை அழித்துவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஐஎல்ட்ஸ் என்பது வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்குப் போகவோ எழுதும் ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுப் பகுதியில் பார்ப்பது சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு. நான்குக்கும் சம எடை. உச்சரிப்பில் முக்கியம், கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான். தாய்மொழிச் சாயல் இருக்கலாம். அது புரிதலைக் கெடுத்தால்தான் மதிப்பெண் குறையும்.

அதற்காகப் பயிற்சியே வீண் என்றில்லை. குண்டூசிக்கும் 'பின்', குப்பைத்தொட்டிக்கும் 'பின்' என்றுதான் தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் குண்டூசிக்கு உதட்டிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடவில்லையா? லண்டன்காரர் காதில் அது குப்பைத்தொட்டியாக விழலாம். அப்புறம் அழுத்தம்: 'டெவலப்' என்பதில் 'வ' மேல் வர வேண்டியதை நம்மில் பலர் 'டெ' மேல் போடுகிறோம். இதெல்லாம் நம் காதுக்கே தெரியாது; எதிரே ஒருவர் உட்கார்ந்து திருத்தினால் சீக்கிரம் பிடிபடும். 'வாட்டரை' அமெரிக்கர் மாதிரி 'வாடர்' ஆக்குவதற்குக் காசு கொடுப்பதுதான் வேண்டாத வேலை.