அண்ணன் படிக்கிறான், நான் வீட்டில் இருக்கிறேன்

வீட்டுக்கு யார் வந்து விசாரித்தாலும் அம்மா இப்படித்தான் சொல்வார்: “பையன் குரூப் 4-க்குப் படிக்கிறான். பொண்ணு டிகிரி முடிச்சுட்டு வீட்ல இருக்கு.”

நானும் அந்த குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குத்தான் படிக்கிறேன். அதே பள்ளிப் பாடப் புத்தகங்கள்தான். பகலில் அண்ணன் படிப்பதை, பாத்திரம் கழுவி முடித்த பிறகு இரவில் நான் எடுக்கிறேன். அவன் எழுத ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. “அடுத்த தடவை பாத்துக்கலாம்டா” என்று அப்பா அவனைத் தேற்றுவதை நான் குறை சொல்லவில்லை. நல்ல அப்பா அப்படித்தான் சொல்வார். எனக்கு டிகிரி முடிந்து பத்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று ஜாதகம் வந்துவிட்டது.

பெண்ணைப் படிக்க வைக்க மாட்டேன் என்று புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இன்று யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டாரே டிகிரி கேட்கிறார்கள். ஆனால் அந்தப் படிப்பை வைத்து அவள் என்ன செய்ய நினைக்கிறாள் என்று கேட்பவர்தான் இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை மாற்றி, 2022-ல் புதுமைப் பெண் திட்டம் என்று, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். நானும் வாங்கினேன். கல்யாணப் பணம் படிப்புப் பணமானது பெரிய விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது டிகிரியோடு முடிந்துவிடுகிறது. வீட்டின் பொறுமையும் அதோடு முடிந்துவிடுகிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்றேன். வகுப்பு இலவசம், டவுன் பஸ்ஸும் இலவசம். செலவு என்று சொல்ல வழியில்லை. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காலேஜும் முடிஞ்சுபோச்சு, தினம் எங்க போகுதுன்னு ஊர்ல கேட்டா என்னம்மா சொல்றது?” என்றார்.

படிக்கப் போகிறாள் என்று சொல்லுங்கள் அப்பா. அண்ணனுக்குச் சொல்கிறீர்களே, அதே பதில்.

அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த சைக்கிளிலேயே தாவணியைச் செருகிக்கொண்டு ஓட்டினாராம். தெருவில் கேலி பேசியவர்களைப் பற்றி இன்றைக்கும் கோபமாகச் சொல்வார். அன்று ராத்திரி அதை ஞாபகப்படுத்தினேன். “அப்ப எங்ககூட நூறு பேரு ஓட்டுனாங்கடி. நீ தனியால்ல போகணும்” என்றார்.

எதிர்ப்பு என்று நான் நினைத்திருந்தது பயம். பக்கத்துத் தெருவில் என்னோடு படித்தவர்கள் இன்னும் இரண்டு பேர் டிகிரி முடித்துவிட்டு “வீட்டில் இருக்கிறார்கள்”. இரண்டு பேர் வீட்டுக்கும் போய்ப் பேசினேன். ஒருத்தி வருகிறேன் என்றிருக்கிறாள். இன்னொருத்தியின் அப்பாவிடம் பேச, ஞாயிற்றுக்கிழமை அம்மாவே என்னுடன் வருகிறார்.