சீனாவில் தீம் பார்க்: பெயர் யாருக்கு, நிலம் யாருக்கு?

வெளிநாட்டு தீம் பார்க் ஒன்று சீனாவுக்குப் போகிறது என்று செய்தி வந்ததும் எந்த ரைடு வருகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிலமும் பணமும் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். பூங்கா நிற்குமா விழுமா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2016 ஜூன் 16 அன்று திறந்தது. செலவு சுமார் 550 கோடி டாலர். இதில் 57 சதவீதம் ஷாங்காய் அரசுக்குச் சொந்தமான ஷென்டி குழுமத்துடையது, டிஸ்னிக்கு 43தான். 'டிஸ்னி குடுமியைக் கொடுத்துவிட்டது' என்று அப்போது பலர் எழுதினார்கள். அது தவறான வாசிப்பு. பூங்காவை நடத்தத் தனியாக ஒரு மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. அதில் டிஸ்னிக்கு 70, ஷென்டிக்கு 30. நிர்வாகக் கட்டணமும் உரிமத் தொகையும் டிஸ்னிக்குத் தனியாக வருகின்றன. கூட்டம் குறைந்தால் நஷ்டத்தில் பெரிய பங்கு உள்ளூர்க் கூட்டாளிக்கு. நகர அரசே பங்காளி என்பதால் திறப்பு விழாவுக்கு முன்பே 11ஆம் மெட்ரோ தடம் அங்கே வந்து சேர்ந்தது. 2021 செப்டம்பரில் திறந்த பெய்ஜிங் யுனிவர்சலிலும் உள்ளூர் அரசுத் தரப்புக்கு 70, யுனிவர்சலுக்கு 30. அங்கேயும் வாசலில் மெட்ரோ.

அமெரிக்கத் தீம் பார்க் நிறுவனமான சிக்ஸ் ஃபிளாக்ஸ் வேறு வழியில் போனது. 2014இல் ரிவர்சைட் என்ற சீன ரியல் எஸ்டேட் நிறுவனத்தோடு கைகோத்தது. பெயரும் வடிவமைப்பும் சிக்ஸ் ஃபிளாக்ஸுடையது, முதலீடு முழுக்க ரிவர்சைடுடையது. உரிமத் தொகை மட்டும் வந்துகொண்டிருக்கும். திட்டம் வளர்ந்து வளர்ந்து ஹையான், சோங்சிங், நான்ஜிங் என்று 11 பூங்காக்கள் வரை போனது. இந்தக் கணக்கின் அச்சாணி பூங்கா அல்ல, அதைச் சுற்றியுள்ள மனை. பூங்காவின் பெயரைக் காட்டி அடுக்குமாடி வீடுகளை விற்று, அந்தப் பணத்தில் ரோலர் கோஸ்டரைக் கட்ட வேண்டும். வீடு விற்கவில்லை என்றால் கோஸ்டரும் எழும்பாது. தீம் பார்க்கைச் சாக்காக வைத்து வீட்டுமனை வியாபாரம் செய்வதை அடக்க 2018இல் மத்திய அரசே வழிகாட்டுதல் வெளியிட்டது. ரிவர்சைட் தவணை கட்டத் தவறியது. 2020 தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. ஒரு பூங்காகூடத் திறக்கவில்லை. இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தன் பணம் ஒரு காசும் உள்ளே இல்லாத பிராண்டுக்கு, வேலை நின்றபோது தட்டிக்கேட்கவும் பிடி இல்லை.

'சீனத்தனம்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிராகன் சிலை வைத்தால் போதும் என்ற நினைப்பு தப்பு. ஷாங்காயில் சீனர்களின் 12 விலங்கு ராசிகளுக்கு டிஸ்னி பாத்திரங்களை வைத்து மொசைக் சுவர் கட்டினார்கள்: எலிக்கு ரெமி, புலிக்கு டிக்கர், டிராகனுக்கு மூஷு. தாத்தா பாட்டியோடு வரும் குடும்பம் அவரவர் ராசி முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும். நல்ல வேலைப்பாடு. ஆனால் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப இழுத்தது 2021 செப்டம்பரில் அங்கேயே அறிமுகமான லீனாபெல் என்ற இளஞ்சிவப்பு நரி. அதற்குத் திரைப்படமும் இல்லை, கதையும் பெரிதாக இல்லை. அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் பொம்மைக்காக விடியற்காலை 3 மணிக்கே 5,000 பேருக்கு மேல் குளிரில் வரிசையில் நின்றார்கள். பொம்மை வெறியர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்ல, சம்பாதிக்கும் இளம்பெண்கள்.

அதனால்தான் 2025 ஜூலை 5 அன்று ஷாங்காயின் ஜின்ஷானில் திறந்த, லெகோ பொம்மைக் கட்டைகளை மையமாக வைத்த லெகோலேண்டை நினைத்தால் எனக்குக் கவலை. பங்கு ஏற்பாட்டில் குறையில்லை. உள்ளூர் அரசு உள்ளே இருக்கிறது. ஆனால் லெகோலேண்ட் 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. சீனாவில் 2016இல் பிறந்தவர்கள் சுமார் 1.79 கோடி, 2024இல் 95 லட்சம். 2016இல் பிறந்த பிள்ளை 2028இல் அந்த வயதின் எல்லையை எட்டிவிடும். பின்னால் வரும் வரிசை ஏறக்குறைய பாதிதான்.