லுலுவுக்குப் பெயர் உண்டு, அவளுக்கு இல்லை

ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். 1937-இல் வந்த சின்னக் கதை, உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இந்தமுறை பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி என்னை விடவில்லை.

அவளுக்குப் பெயரே கிடையாது. கடைசிவரை 'கர்லியின் மனைவி'தான். அந்தக் கலிஃபோர்னியப் பண்ணையில் வேலையாள் ஸ்லிம்மின் நாய்க்கு லுலு என்று பெயர் இருக்கிறது. ஆண்கள் சனிக்கிழமை ராத்திரி போய்வரும் விடுதிகளை நடத்தும் சூஸிக்கும் கிளாராவுக்கும் இருக்கிறது. (முதலாளிக்கும்தான் பெயர் இல்லை. ஆனால் அவருக்கு 'முதலாளி' என்ற ஒரு சொல் போதும்.)

முதல்முறை படித்தபோது நானும் அவளைத் திட்டியவன்தான். வாசலில் விழுந்த வெயிலை மறித்துக்கொண்டு வந்து நிற்பாள். சிவப்பு நகம், நெருப்புக்கோழி இறகு வைத்த சிவப்புச் செருப்பு. கர்லியைத் தேடி வந்தேன் என்பாள். அவள் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று, பண்ணைக்கு வேலைதேடி வந்த ஜார்ஜ், கூட வந்த மந்தபுத்தி நண்பன் லென்னியை எச்சரிப்பான். நான் ஜார்ஜ் கட்சி. கல்யாணமாகி இரண்டே வாரம் ஆன பெண், பேச ஓர் ஆள் தேடி அலைகிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்காக அவளை உத்தமி என்று சொல்ல வரவில்லை. தன் அறையைவிட்டுப் போகச் சொன்ன கருப்பின லாயக்காரர் குரூக்ஸிடம், நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிட வைப்பேன் என்கிறாள். அன்றைய அமெரிக்காவில் அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. குரூக்ஸ் அப்படியே ஒடுங்கிப்போகிறார். அந்தப் பக்கத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் அந்த வைக்கோல் கொட்டகை. பதினைந்து வயதில் நாடகக் குழுவோடு போக ஆசைப்பட்டது, அம்மா தடுத்தது, சினிமாவில் சேர்த்துவிடுவதாக ஒருவன் சொன்னது, வராத கடிதத்தை அம்மாதான் திருடியிருப்பாள் என்ற சந்தேகம், அந்த ஆத்திரத்தில் கர்லியைக் கட்டிக்கொண்டது... எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டுகிறாள். யாரிடம்? தன் கைபட்டுச் செத்த நாய்க்குட்டியை வைக்கோலில் மறைத்துவிட்டு, சொந்த நிலம் வாங்கினாலும் இனி முயல் வளர்க்க ஜார்ஜ் விடமாட்டானே என்று தவிக்கும் லென்னியிடம்.

ஸ்டைன்பெக்கோடு எனக்குச் சண்டை இங்கேதான். 1938-இல், இந்த நாவலின் மேடை நாடகத்தில் அவளாக நடித்த கிளேர் லூஸுக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார். அவள் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட அரண்களைத் தாண்டிப் போனால் உள்ளே நல்லவள், நேர்மையானவள் இருக்கிறாள், கடைசியில் அவளை நேசிக்கவே செய்வீர்கள் என்ற பொருளில். தெரிந்திருக்கிறதே ஐயா! நாவலில் ஏன் இத்தனை கஞ்சத்தனம்? லென்னியின் கையில் கழுத்து முறிந்து செத்துக் கிடக்கும்போதுதான் அவள் முகத்திலிருந்து சிடுசிடுப்பும் ஏக்கமும் போய், அழகாக, வெகுளியாகத் தெரிகிறாள் என்று எழுதுகிறார்.

உடலைப் பார்த்த கிழவர் கேண்டி வசைபாடுகிறார். ஜார்ஜோடும் லென்னியோடும் சேர்ந்து நிலம் வாங்கும் தன் கனவு போச்சே என்று அவருக்கு. ஸ்லிம் மட்டும் ஒரு விரலால் அவள் கன்னத்தைத் தொடுகிறான். நீ இங்கேயே உன் மனைவியோடு இரேன் என்று கர்லியிடம் சொல்கிறான். கர்லி கேட்கவில்லை. லென்னியைத் தன் கையாலேயே சுட வேண்டும் என்று கிளம்பிவிடுகிறான்.