யாழ். பொது நூலகம் பிரித்தானியரின் கொடை அல்ல

"மாநகர முதல்வரின் புத்தாண்டு உரை" என்ற தலைப்போடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எந்த முதல்வர், எந்த ஆண்டு என்று அதில் இல்லை. தொண்டர்களைப் பாராட்டித் தொடங்கி, "1933இல் பிரித்தானிய அரசு கட்டித் தந்த நூலகம் 1983 கலவரத்தில் எரிந்தது" என்று முடிகிறது. இரண்டுமே தவறு.

1933இல் கட்டடமே இல்லை. கே. எம். செல்லப்பா தன் வீட்டில் புத்தகங்களை வைத்து ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கிய ஆண்டு அது. மறு ஆண்டு ஆர்வலர்கள் குழுவாகச் சேர்ந்து, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை எடுத்து, 844 நூல்களுடன் நூலகத்தைத் திறந்தார்கள். சம்பளத்துக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

இன்று நாம் பார்க்கும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1954இல். பிரித்தானியர் 1948இலேயே போய்விட்டார்கள்! அன்றைய யாழ். மாநகர முதல்வர் சாம் சபாபதியும் கத்தோலிக்கத் துறவி லோங் அடிகளாரும் முன்னின்றார்கள், களியாட்ட விழா நடத்திக்கூடப் பணம் திரட்டினார்கள். திறப்பு விழா 1959இல்.

எரிக்கப்பட்டது 1981 மே 31 இரவு, 1983 யூலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. "எரிந்தது" என்று எழுதுவதே மனதை வருத்துகிறது. அது தானாக எரியவில்லை.

இந்த விவரங்களைச் சரிபார்க்க விரும்புபவர்கள் யாழ். பொது நூலகத்துக்கே போய்க் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் 'நூலகம்' என்ற பெயரில் தனியாக இயங்கும் தன்னார்வ நிறுவனத்தின் எண்ணிம (இணைய) நூலகத்தில் பழைய ஈழத்து நாளிதழ்களையும் மலர்களையும் இலவசமாகப் புரட்டிப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த ஆண்டுகளையும் போட்டுவிடுங்கள்.