கெட்டிமேளத்துக்கு நடுவே சைலண்ட் ஷட்டர்

தும்மலோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் தாலி கட்டும் நேரத்தில் தவிலை அந்த அடி அடிக்கிறார்கள். அந்த இடத்தில் போய் நான் கேமராவில் சத்தமே வராத சைலண்ட் ஷட்டர் போட்டுப் படம் எடுத்தேன். இருபது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவன் செய்கிற வேலையா? உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிர்ரர்லெஸ் கேமரா வாங்கிய ஜோர். நொடிக்கு 20 படம் கிடைக்கும் என்ற ஆசை.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, படங்களை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டிருந்த தம்பி ஓடி வந்தான். "அண்ணே, கோடு கோடா விழுந்திருக்கு." பெண்ணின் நெற்றியில் ஒரு கருப்புப் பட்டை, மாப்பிள்ளையின் கையில் ஒன்று. அதற்கப்புறம் பாயசம் இறங்கவில்லை.

மேடை முழுக்க எல்இடி விளக்குகள். கண்ணுக்கு நிலையாக எரிவதுபோல் தெரிந்தாலும் அவற்றில் பல, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிபவை. சைலண்ட் ஷட்டர் என்பது திரை எதுவும் ஓடாத எலக்ட்ரானிக் ஷட்டர். அதிலோ சென்சார், அதாவது படத்தைப் பதிக்கும் சில்லு, படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சார் படித்து முடிக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் விளக்கு பல தடவை அணைந்துவிடும். அந்த நேரத்தில் பதிந்த வரிகள்தான் பட்டை. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சுமார் 250-இல் ஒரு பங்கு நொடியில் ஓடி முடிந்துவிடுவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அதில் பிளாஷும் வேலை செய்யும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது, பக்கத்தில் நின்றவர் கண்ணாடி வைத்த பழைய வகை டிஎஸ்எல்ஆர் கேமராவில் பிளாஷ் போட்டு எடுத்த மூன்றே படங்கள்.

இதற்கு மருந்து வராமல் இல்லை. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III, குளோபல் ஷட்டருடன் வந்த முதல் ஃபுல் பிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) மிர்ரர்லெஸ். வரி வரியாக இல்லாமல் மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும். பட்டை விழாது. ஆனால் விளக்கு மங்கும் கணத்தில் எடுத்தால் முழுப் படமும் மங்கலாகத்தான் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். நொடிக்கு 120 படம் வேறு! ஒன்றரை நொடி விரலை வைத்தால் 180 படம். அதில் ஒன்றைப் பொறுக்க ராத்திரி யார் உட்காருவது? விளையாட்டுப் போட்டி எடுப்பவர்களுக்குத் தேவைப்படலாம். மாலை மாற்றுவதற்குத் தேவையில்லை.

புதுசே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோபோகஸுக்குக் கோயில் கட்டலாம். முன்பெல்லாம் பாதிப் படத்தில் மாலைதான் பளிச்சென்று இருக்கும், முகம் இருக்காது. இரண்டு கார்டு போடும் வசதியும் அப்படித்தான். 2018-இல் வந்த நிக்கான் இசட்6-இலும் கேனான் ஈஓஎஸ் ஆர்-இலும் ஒரே கார்டுதான் என்றதும் கல்யாணப் போட்டோகிராபர்கள் புலம்பியது சும்மா இல்லை. கார்டு போனால் முகூர்த்தம் போச்சு. இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? விளம்பரத்திலோ முதலில் வருவது மெகாபிக்சல்.

போன வாரம் பழைய டிஎஸ்எல்ஆரை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். பேசாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அதற்கும் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.