கோதமி விகாரையை மறந்துவிட்டோமா?
கொழும்பு ஓவியர்கள் தங்கள் பின்னணியையும் பாணியையும் சொல்லும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். பலரும் ஐரோப்பிய ஓவியர்களையே ஆதர்சமாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் 1943இல் இதே நகரில் பிறந்த ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பை ஒருவரேனும் நினைத்திருக்க வேண்டாமா? அக்குழுவின் ஜோர்ஜ் கீற், கொழும்பு பொரளையிலுள்ள பௌத்தக் கோயிலான கோதமி விகாரையின் சுவர்களில் தீட்டிய புத்தர் வரலாற்றைப் போய்ப் பாருங்கள். உருவங்களைச் சுற்றி வளைந்தோடும் அந்தக் கோடு தோளிலிருந்து விரல் நுனிவரை எங்கும் தயங்குவதில்லை. உருவங்களை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டும் ஐரோப்பியக் கியூபிச பாணியையும் கீற் உள்வாங்கியவர்தான். ஆனாலும் இந்த மண்ணின் கைவண்ணம் அது! அக்குழுவின் இன்னொரு ஓவியரான ஹரி பீரிஸ் வாழ்ந்த கொழும்பு பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் சபுமல் மன்றம் அக்குழுவினரின் ஓவியங்களைப் பாதுகாத்து வருகிறது, அதையும் எழுதியிருக்கலாம். அடுத்த கட்டுரையில் யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவின் வழிவந்தவர்களிடமும் தயவுசெய்து பேசுங்கள்.